பழைய துவக்குக் குழலைக் கறுப்பாக்கிய அனுபவம் யாருக்காவது உண்டா?

கைதடியான்:
எழுபதுகளில் நடந்தது. பெரியப்பாவிடம் லைசென்ஸோடு ஒரு டபிள் பரல் இருந்தது, பேர்மிங்ஹாமில் செய்தது. மாம்பழக் காலத்தில் வௌவாலுக்குத்தான் அது அதிகம் வெடித்தது. உப்புக்காற்றில் குழல் முழுக்கக் கறள். ஊர்க் கம்மாலைக்காரர் “கறுப்பாக்கித் தாறன் ஐயா” என்று வாங்கிப்போய், கோஸ்டிக் சோடாவும் வெடியுப்பும் கொதிக்கிற தொட்டிக்குள் போட்டு எடுத்தார். கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு!

பெரியப்பா வழக்கம்போலக் குழலை நூலில் தொங்கவிட்டுச் சுண்டினார். முன்பெல்லாம் ‘ணங்...’ என்று நீண்டு போகும். அன்று ‘டக்’ என்று செத்த சத்தம். இரண்டு குழலையும் சேர்த்து ஓடும் மேல்பட்டிக்குக் கீழே நகம் நுழைந்தது. அந்த இடுக்கிலிருந்து வெள்ளைப் பொருக்கு தள்ளிக்கொண்டு வந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முழுக் கூலியையும் எண்ணிக் கொடுத்தார். ஏன் கொடுத்தார்?

உரும்பிராய் வாத்தி:
கொடுக்காமல் விட்டால் அடுத்த போகத்துக்கு மண்வெட்டி யார் அடித்துத் தருவது? சூட்டில் பட்டியைக் குழலோடு ஒட்டிய ஈயப்பற்று உருகியிருக்கும், வேறொன்றுமில்லை.

எங்கள் சித்தப்பா ஒற்றைக் குழலுக்குக் கறள் முறை செய்தார். மருந்து பூசி மெல்லிய கறள் பிடிக்க விடுவது, கொதிநீரில் போட்டுச் சிவப்பைக் கறுப்பாக்குவது, கம்பி நாரால் மெல்லத் தேய்ப்பது, திரும்பவும் பூசுவது. எல்லாம் சரி, கொதிக்க வைத்தது கிணற்றுத் தண்ணீரில். எடுத்து ஆவி பறக்கக் காய்ந்ததும் குழலெல்லாம் வெள்ளைப் புள்ளி. கேத்திலுக்குள் படிகிற அதே சுண்ணாம்பு! மாரி வந்து, பீலித் தண்ணீர் பிடித்துச் செய்த பிறகுதான் கறுப்பு ஒரே சீராக வந்தது.

ஸ்காபரோ தம்பி:
வாத்தி அண்ணை, உருகாது. அந்தத் தொட்டியின் சூடு 140 பாகை செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 180க்கு மேல்தான் இளகும். அதை அரித்தது கோஸ்டிக் சோடாவின் காரம். பட்டிக்குள் புகுந்த உப்பு வெளியே வராது, உள்ளே இருந்தே தின்னும். அதனால்தான் பற்றவைத்த இரட்டைக் குழலுக்கு விஷயம் தெரிந்தவர்கள் கறள் முறை மட்டும் செய்கிறார்கள்.

என் கதை சின்னது. இங்கே தொழில்முறையாகச் செய்பவர் ஒருவரிடம் என் பழைய துவக்கைக் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி மினுங்கத் திரும்பி வந்தது. ஆனால் குழலை வெடித்துச் சோதிக்கும் பேர்மிங்ஹாம் சோதனைச்சாலை குத்திய கிரீட முத்திரை இருந்த இடத்தில் ஒரு நிழல்தான் மிச்சம். மினுக்குகிற பஃபிங் சில்லு தின்றுவிட்டது. 1813இலிருந்து குத்தி வருகிற முத்திரை, அரை மணித்தியாலத்தில் போய்விட்டது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தொடர் இலக்கம் இருக்கிற பக்கம் சில்லே வேண்டாம். லைசென்ஸில் உள்ள இலக்கம் துவக்கில் மங்கினால் அந்தத் தொல்லை வேறு. எமரிப் பேப்பரை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள், இல்லாவிட்டால் விளிம்பெல்லாம் உருண்டுவிடும். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிய பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள், விரல் பட்ட இடத்தில் மருந்து பிடிக்காது. கடையில் போத்தலில் விற்கிற, சூடாக்காமல் பூசிக் கறுப்பாக்கும் குளிர் மருந்து கீறலை மறைக்க மட்டும் உதவும், அதில் செலினியம் இருக்கிறது, பூட்டிய அறைக்குள் பூச வேண்டாம். ஆக்‌ஷனில், அதாவது குழல் பூட்டும் பொறிப்பகுதியில், நீலமும் மண்ணிறமுமாகப் பூப்பூவாக இருந்தால் அது அழுக்கல்ல, கடினப்படுத்தும்போது வந்த நிறம், தேய்த்தால் திரும்பி வராது. இரும்பும் உருக்கும் சேர்த்து முறுக்கிச் சுற்றிச் செய்த டமாஸ்கஸ் குழலென்றால் அழகுக்கு வைத்திருங்கள், இந்தக் காலத்துத் தோட்டாவை அதில் போடவே கூடாது.

வடமராட்சி மச்சான்:
டமாஸ்கஸ் என்றதால் எழுதுகிறேன். மாமாவிடம் யாரோ கறுப்புப் பெயின்ற் அடித்த துவக்கு ஒன்று இருந்தது. பெயின்ற்றைச் சுரண்டி, புளி பூசி இரவு முழுக்க வைத்தார். விடியக் கழுவிப் பார்த்தால் குழல் நெடுகச் சுருள் சுருளாக வரி, ஒன்று வெளிர், ஒன்று கருமை. அதைக் கறள் என்று நினைத்து மனிதர் அரத்தை எடுத்துவிட்டார். கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

ஸ்காபரோ தம்பி, விரல் கதையை நான் நம்ப மாட்டேன். கையுறையை அப்போது நாங்கள் கண்ணாலும் கண்டதில்லை. அடுப்புச் சாம்பலால் குழலையும் தேய்த்தோம், அதே சாம்பலால் கையையும் தேய்த்துக் கழுவினோம். ஒரு விரலடையாளம் விழவில்லை.