புல்லை வெட்டி மாட்டிக்கொண்ட மூன்று பேரின் கதைகள்

ஸ்டார்டூ வேலி என்ற பண்ணை வீடியோ கேமை ஆட ஆரம்பித்த முதல் வாரம் எனக்கு ஒரே சுத்தம் செய்கிற வெறி. பண்ணை முழுக்கப் புல் மண்டிக் கிடந்தது. கையில் அரிவாள், எவ்வளவு வீசினாலும் களைப்பே வராது. சரக் சரக்கென்று வீசி இரண்டே நாளில் பாதிப் பண்ணையை மொட்டையடித்தேன். ஒரு பிடி தீவனம்கூடச் சேரவில்லை. சைலோ என்கிற தீவனக் குதிர் கட்டியிருந்தால்தான் வெட்டும் புல் அதில் போய்ச் சேரும், இல்லாவிட்டால் வீண் என்பது அப்போது தெரியாது. வெறும் களை என்றே நினைத்துவிட்டேன்.

அப்புறம் கோடையில் நாலு கோழி, இலையுதிர் காலத்தில் நாலு மாடு. ஓரங்களில் தப்பிப் பிழைத்த புல் மறுபடி பரவியிருந்ததால் மேய்ச்சலுக்குக் குறைவில்லை. எல்லாம் சரியாகத்தான் போனது.

குளிர்காலம் 1ஆம் தேதி காலை கதவைத் திறக்கிறேன், தரை முழுக்க வெள்ளை. ஒரு புல் இல்லை. தொழுவத்தில் தீவனத் தொட்டியும் காலி. தீவனம் விற்கும் மார்னியிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஓடினால் கடை பூட்டியிருந்தது. அந்த விளையாட்டில் எந்தப் பருவமும் திங்கட்கிழமைதான் பிறக்கும். மார்னிக்குத் திங்களும் செவ்வாயும் விடுமுறை! இரண்டு நாள் எட்டு உயிரும் பட்டினி. சாகாது, ஆனால் முகம் வாடிவிடும். பாலும் முட்டையும் நின்றன.

புதன்கிழமை போய் வாங்கினேன். ஒரு கட்டு 50 பொற்காசு, எட்டுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 400. சைலோ கட்ட, அங்கே கட்டடம் கட்டித் தரும் ராபின் கேட்பதோ வெறும் 100 காசு, 100 கல், 10 களிமண், 5 செப்புக் கட்டி. அதில் 240 கட்டு பிடிக்கும். எட்டு உயிருக்குக் குளிர்காலத்தின் 28 நாளைக்கும் 224தான் ஆகும். இந்தக் கணக்கை வசந்தத்திலேயே போட்டிருக்க வேண்டும். மனசு ஆறவே இல்லை.

இந்தத் தீவனக் கட்டை வைக்கோல் என்றுதான் நாம் சொல்கிறோம், ஆனால் அது காய்ந்த புல். கோதுமை அறுத்தாலும் சில சமயம் அதே கட்டு கிடைக்கும். கோழியும் அதையேதான் தின்கிறது, அதை யாரிடம் போய்க் கேட்பது?

* * *

நானும் அதே கேஸ், ஆனால் எனக்கு இரண்டாம் வருடம். சைலோ இருந்தது, பேராசையும் இருந்தது. சாதா அரிவாளில் பாதிக்குப் பாதிதான் தீவனம் விழும் என்பதால் ஒரு குத்து விடாமல் வெட்டித் தள்ளினேன். பக்கத்தில் புல் இருந்தால்தான் புல் பரவும். விதைநெல்லை அவித்துத் தின்ற கதையாகிவிட்டது. இப்போதெல்லாம் புல் நாற்றை நட்டு, அதன் மேலேயே ஒரு வேலிக்கால் வைத்துவிடுகிறேன். வேலிக்கு அடியில் இருப்பதை மாடு கடிக்க முடியாது, அது பாட்டுக்குச் சுற்றிலும் பரவிக்கொண்டே இருக்கும். தங்க அரிவாள் கிடைத்தால் விடாதீர்கள் நண்பரே, நூற்றுக்கு 75 விழும்.

* * *

நீங்கள் எல்லாம் கொடுத்துவைத்தவர்கள், வெட்டியதும் தானாகக் காய்ந்துவிடுகிறது! நான் ஃபார்மிங் சிமுலேட்டர் 22 என்ற இன்னொரு பண்ணை விளையாட்டின் ஆள். வெட்டின பிறகு டெட்டரை ஓட்டிப் புல்லைக் கிளறினால்தான் உலர்புல் ஆகும், அப்புறம் வரிசையாக ஒதுக்கி, பேலரில் கட்ட வேண்டும். அவசரத்தில் நான் டெட்டரை மறந்து நேரே பேலரை விட்டேன். கட்டு என்னவோ உருண்டையாக, அழகாகத்தான் வந்தது. குதிரை லாயத்தில் கொண்டுபோய் இறக்கினால் ஏறவே மாட்டேன் என்கிறது. கட்டைத் தூக்கும் லோடர் வண்டியை முன்னே பின்னே நகர்த்தி, இறக்கித் தூக்கி, பத்து நிமிடம் போராடினேன். குதிரைக்கு உலர்புல்தான் ஆகுமாம், பச்சைப் புல் ஆகாதாம். கடைசியில் அந்தக் கட்டுகளுக்காகவே செம்மறி ஆடு வாங்கினேன்.