‘ஏலியனேஷன்’: தனிமை என்னும் சொல் போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

தொழிலாளி தன் உழைப்புக்கும் அதன் விளைபொருளுக்கும் அயலாராகிவிடும் நிலையைச் சமூகவியலில் ‘ஏலியனேஷன்’ (alienation) என்கிறார்கள். இதைத் தமிழில் ‘தொழிலாளர் தனிமை’ என்று எழுதலாம் என்னும் பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. சொல் எளியது, படித்தவுடன் விளங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி விளங்குவது வேறொரு பொருள்.

அமெரிக்கச் சமூகவியலர் ராபர்ட் பிளாவ்னர் 1964-இல் வெளியிட்ட ஆய்வில் அச்சகம், நெசவாலை, கார்த் தொழிற்சாலை, வேதித் தொழிற்சாலை ஆகிய நான்கையும் ஒப்பிட்டார். அமெரிக்கத் தென்மாநில நெசவாலைத் தொழிலாளர்களுக்கு எந்திரத்தின் வேகத்தின் மீதோ வேலைமுறையின் மீதோ அதிகாரம் இல்லை. ஆயினும் ஆலையைச் சுற்றி அமைந்த சிற்றூரில் உறவும் தேவாலயமும் அண்டை வீடும் அவர்களைப் பிணைத்து வைத்திருந்ததால், அவர்கள் தனித்துப் போனவர்களாக இல்லை. இவர்களின் நிலையைத் ‘தனிமை’ என்று எழுதினால், அந்த ஆய்வு கண்டறிந்ததையே தலைகீழாக்கிவிடுவோம். மற்றொரு சமூகவியலரான மெல்வின் சீமன் 1959-இல் ஏலியனேஷன் என்னும் கருத்தை ஆற்றலின்மை, பொருளின்மை, நெறியின்மை, தனிமை, தன்னிலிருந்து விலகுதல் என ஐந்தாகப் பிரித்தார். ஐந்தில் ஒன்றின் பெயரை முழுமைக்கும் சூட்டுவது பொருந்தாது.

‘ஏதின்மை’ என்னும் மற்றொரு பரிந்துரை அழகானது. குறளில் ஏதிலார் என்பது அயலாரையே குறிக்கிறது. எனினும் ‘ஏதிலி’ இன்று அகதியைக் குறிக்கும் சொல்லாக வழங்குவதால், அந்தத் துயரத்தின் சாயல் இங்கே வந்து கலந்துவிடும். ஏற்கெனவே பலரும் எழுதிவரும் ‘அந்நியமாதல்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வடசொல் என்பதற்காக நிலைபெற்ற ஒரு சொல்லை விலக்க வேண்டியதில்லை.

ஆனால் அது ஒன்றே போதாது. 1844-இல் எழுதி 1932-இல் முழுமையாக அச்சேறிய கையெழுத்துப்படிகளில் மார்க்ஸ் இரண்டு ஜெர்மன் சொற்களைக் கையாள்கிறார். ‘என்ட்ஃபிரெம்டுங்’ என்பதில் அயலானாகிவிடும் பொருள் இருக்கிறது. ‘என்ட்டாய்ஸருங்’ என்பதிலோ தன்னுடையதைக் கைவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடும் பொருளும் இருக்கிறது. ஏலியனேஷனின் லத்தீன் மூலமும் சொத்தை உரிமை மாற்றுவதைக் குறித்தது. வியப்பு என்னவென்றால், நம் பத்திர எழுத்தர்களிடம் இதற்கு நேரான சொல் நெடுங்காலமாக உண்டு: ‘யாதொரு பராதீனமும் செய்யக்கூடாது’ என்று எழுதுகிறார்களே, அந்தப் பராதீனம்தான். பத்திரத்துக்கு வெளியே இன்று அது எளிதில் விளங்காது என்பதால், நாட்டுடைமையாக்கல் என்னும் பழகிய சொல்லின் அமைப்பைப் பின்பற்றி, இரண்டாம் ஜெர்மன் சொல்லுக்குப் ‘பிறருடைமையாதல்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

ஆதல், ஆக்கல் என்னும் வேறுபாட்டையும் விட்டுவிடக் கூடாது. தொழிலாளியின் நிலையைச் சொல்லும்போது அந்நியமாதல். வேலையைத் துண்டுதுண்டாக்கி அந்நிலைக்கு அவரைத் தள்ளும் ஏற்பாட்டைச் சொல்லும்போது அந்நியமாக்கல். தன்வினையை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால், செய்பவர் எவருமின்றி இயற்கையாக நேர்ந்தது போன்ற தோற்றம் வந்துவிடும்.

சொற்கள் நிற்கின்றனவா என்று ஒரு தொடரில் வைத்துப் பார்த்தேன்: ‘தொழிலாளி நூற்ற நூல் பிறருடைமையாகிறது, நூற்கும் செயலே அவருக்கு அந்நியமாகிறது, பக்கத்து எந்திரத்தில் தோழர் நின்றாலும் இரண்டும் மாறுவதில்லை.’ இத்தொடரில் இடறும் இடம் இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.