அடர்த்தியா, செடித்தொகையா, குத்துக் கணக்கா?

அன்பு நண்பர்களுக்கு,

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வேளாண் வகுப்புக்காக, மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட சவானாவில் நிலக்கடலை விளைச்சலைக் கூட்டுவது பற்றிய பாடத்தைத் தமிழில் எழுதுகிறேன். வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். உரப் பகுதியில் சிக்கல் இல்லை; அடியுரம், மணிச்சத்து, சுண்ணாம்புச் சத்து எல்லாம் பழகிய சொற்கள்தான். பூ கருவுற்றபின் மண்ணுக்குள் இறங்குகிறதே, அதை மட்டும் 'காய்க்காம்பு' என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

பெரிய சிக்கல் வேறு. குறிப்பிட்ட பரப்பில் இத்தனை செடி நிற்கிறது என்பதற்கு ஒரு சொல் வேண்டும். 'அடர்த்தி' போட்டேன், அடுத்த பக்கத்திலேயே மண்ணின் பரும அடர்த்தி (இத்தனை கன அளவு மண்ணுக்கு இத்தனை எடை என்பது) வந்து நிற்கிறது. 'நெருக்கம்' என்றால் நம் பக்கம் அது குறை. "விதை நெருக்கமா விழுந்துடுச்சு" என்றுதான் சொல்வோம். ஆனால் இந்தப் பாடம் சொல்வதே நெருக்கி விதையுங்கள் என்று. வடக்கு நைஜீரியாவில் பாருக்குப் பார் 75 செ.மீ., பாரில் 20 செ.மீ. விட்டு ஊன்றினால் எக்டருக்கு 66,667 இடம்தான் வரும். நம் 30-க்கு 10 கணக்கில் 3,33,333.

---

கும்பகோணத்திலிருந்து:

தம்பி, அடர்த்தி வேண்டவே வேண்டாம். அடர்த்தல் என்றால் நெருக்கித் தாக்குதல், பகைவரை அடர்த்தான் என்பது பழைய வழக்கு. அதில் எண்ணிக்கை எங்கே இருக்கிறது? "கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்" என்று பெரியவர்கள் சொன்னதில் 'கலக்க' என்றால் இடைவெளி விட்டு; 'அடர' என்பதே வைக்கோல்தான் மிஞ்சும் என்ற எச்சரிக்கை. 'கலக்கம்' என்று இடைவெளிக்குப் பெயர் வைக்கலாமா என்றுகூட யோசித்தேன், அதற்கு வேறு பொருள் ஊன்றிவிட்டது. மக்கள்தொகை இருக்கிறதே, அதே வழியில் 'செடித்தொகை' என்று வையுங்கள்.

அப்புறம், சவானாவை ஏன் அப்படியே விடுகிறீர்கள்? "முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப் பாலை என்பதோர் படிவம் கொள்ளும்" என்று சிலம்பு சொல்கிறது. புல்லும் மரமும் கலந்து, மழை தப்பினால் காய்ந்து கிடக்கும் நிலம் அதுதானே. 'திரிமுல்லை' என்று சொல்லலாம்.

---

திருவாரூரிலிருந்து:

ஐயா, 'திரிமுல்லை' அழகாக இருக்கிறது, ஆனால் பள்ளிப் புத்தகத்திலேயே சவானா என்றுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள். செடித்தொகையை நான் முழுமையாக மறுக்கிறேன். டெல்டாவில் பயிரோடு 'தொகை' சேர்ந்தால் எல்லாருக்கும் காப்பீட்டுத் தொகைதான் நினைவுக்கு வரும். விவசாயிகள் கூட்டத்தில் நின்று செடித்தொகை என்று சொன்னால் முதல் கேள்வியே "எப்ப வரும்?" என்பதாகத்தான் இருக்கும்.

நீங்கள் சொன்ன பழமொழி நெல்லுக்குப் பொருந்தலாம், மேற்கு ஆப்பிரிக்கக் கடலைக்குப் பொருந்தாது. கடலைச் செடியைக் குட்டையாக்கும் ரோசெட் என்ற வைரஸ் நோயைப் பரப்பும் அசுவினிப் பூச்சி, வெறுந்தரை தெரிகிற வயலில்தான் அதிகம் இறங்குகிறது. காலத்தோடு நெருக்கி விதைத்து இலை சீக்கிரம் மண்ணை மூடினால் நோய் குறையும். ஆகவே எண்ணிக்கை கூடுவதை நல்லதாகவோ கெட்டதாகவோ காட்டாத சொல்தான் வேண்டும்.

நடவு வயலில் சதுர மீட்டருக்கு 50 குத்து (நாற்று ஊன்றிய இடம்) என்று நாம் எண்ணுவதில்லையா? 'குத்துக் கணக்கு' என்று வையுங்களேன். 'குழி' மட்டும் வேண்டாம் தம்பி, நூறு குழி ஒரு மா என்று நிலத்தை அளக்கிற ஊர் இது.

காய்க்காம்பும் வேண்டாம். விழுது என்று எழுதுங்கள், வயலில் "விழுது இறங்கிடுச்சு" என்றுதான் பேச்சு. சுண்ணாம்புச் சத்தைக் காய் தானே மண்ணிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. 45-ஆம் நாள் வாக்கில் எக்டருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்வது அதற்குத்தான். அந்தச் சத்து போதாவிட்டால் காய் பருப்பில்லாமல் பொக்காகிவிடும். இவ்வளவையும் அந்த ஒரு சொல்லை வைத்தே வகுப்பில் விளக்கிவிடலாம்.

---

பட்டுக்கோட்டையிலிருந்து:

விழுதுக்கு நன்றி அக்கா, மாற்றிவிட்டேன். குத்துக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதே பாடத்தில் கொத்து ரகம், கொடி ரகம் என்று வருகிறது. குத்தும் கொத்தும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எழுத்துப் பிழை என்று அச்சகத்திலேயே திருத்திவிடுவார்கள். தனிமடலில் நாலு பேர் எழுதினார்கள், மூன்று பேர் 'பயிர் எண்ணிக்கை'யே போதும் என்கிறார்கள். சரி, அதையே போட்டு, முதல் முறை வரும்போது மட்டும் 'சதுர மீட்டருக்கு' என்று சேர்த்துவிடுகிறேன். சவானா சவானாவாகவே இருக்கும்.

---

கும்பகோணத்திலிருந்து:

அச்சுக்கு அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை வேறு, பரப்புக்கு இத்தனை என்பது வேறு. ஒரு மாவில் நிற்பதும் எண்ணிக்கைதான், ஒரு எக்டரில் நிற்பதும் எண்ணிக்கைதான். 'சதுர மீட்டருக்கு' என்று ஒட்டுப்போட வேண்டியிருக்கிறதே, அதுவே அந்தச் சொல் போதவில்லை என்பதற்குச் சான்று. எட்டுத்தொகையில் இருக்கும் ஒரு சொல்லைக் காப்பீட்டுப் படிவத்துக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை. அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன்.