மாடியில முள்ளங்கி: இலைதான் வளருது, கிழங்கைக் காணோம். உதவி வேணும்

மொட்டைமாடி_மதுரை:
வணக்கம். 12க்கு 12 அங்குல க்ரோ பேக். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூணும் சம பங்கு. விதையை ட்ரேயில முளைக்கவிட்டு, பைக்குப் பத்துப் பன்னிரண்டு நாத்தா நட்டேன். வாராவாரம் மீன் அமிலமும் (மீன் கழிவும் வெல்லமும் ஊறவச்ச திரவ உரம்) கொடுக்கிறேன். இலை முழங்கால் உயரம் நிக்குது. ஒன்றரை மாசம் தாண்டியும் கிழங்கு வைக்கலை. நேத்து ஒண்ணைப் பிடுங்கினா எலிவால் கணக்கா வேர், அதுவும் பாதியில ரெண்டா பிரிஞ்சிருக்கு. பீட்ரூட்டும் இதே லட்சணம்தான். இன்னும் காத்திருக்கலாமா?

செம்பருத்தி:
வெயில் எத்தனை மணி நேரம் விழுதுங்க?

மொட்டைமாடி_மதுரை:
காலைல பத்து வரைக்கும் தண்ணித்தொட்டி நிழல். மூணு மணிக்கு மேல பக்கத்து வீட்டு மாடி மறைச்சிடும்.

பச்சைக்கை:
பைக்கு ஒரு ஸ்பூன் டிஏபி உரம் போடுங்க, கிழங்கு இறங்கிடும்.

கிழங்குப்பித்தன்:
வேண்டாங்க. டிஏபியில மணிச்சத்து (பாஸ்பரஸ்) 46 சதம்னா, இலையை வளர்க்கிற தழைச்சத்தும் (நைட்ரஜன்) 18 சதம் இருக்கு. ஏற்கெனவே தழைச்சத்து மிஞ்சித்தான் இலையா ஓடுது. மீன் அமிலத்தை முதல்ல நிறுத்துங்க. அது கீரைக்கு அமிர்தம், கிழங்குக்கு ஆகாது.

வேர் பிரிஞ்சதுக்குக் காரணம் ட்ரே. முள்ளங்கி, கேரட் ரெண்டையும் நாத்து விட்டு நடவே கூடாது. பிடுங்கும்போது ஆணிவேர் நுனி ஒடிஞ்சா, அங்கேயிருந்து கவட்டையா கிளைச்சிடும். நேரடியா அரை அங்குல ஆழத்துல விதைங்க. செம்மண்ணைச் சலிச்சுப் போடுங்க. சின்னக் கல் தட்டினாலும் வேர் திரும்பிடும்.

அடுத்தது நெருக்கம். உங்க பைக்கு நாலஞ்சு செடிதான் தாங்கும். முளைச்சு ரெண்டு இலை வந்ததும் மீதியைக் கத்தரிக்கோலால வெட்டிடுங்க. இழுத்துப் பிடுங்கினா பக்கத்துச் செடி வேரும் ஆடும். மனசு வராதுதான், ஆனா வெட்டணும்.

வெயில் ஆறு மணி நேரமாவது வேணும். பையைத் தொட்டி மறைப்புலேர்ந்து நகர்த்துங்க. நார்க்கழிவு அமுங்கி, கிழங்கோட தலை வெளியே தெரிஞ்சா மண் அணைச்சு விடுங்க.

காத்திருக்க வேண்டாம். முள்ளங்கி 40, 45 நாள்ல முடியுற பயிர், இனிமேல் நார்தான் ஏறும். இலையைப் பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் பண்ணிடுங்க.

மொட்டைமாடி_மதுரை:
நன்றிங்கண்ணா. பீட்ரூட்டையும் பிடுங்கிடவா?

கிழங்குப்பித்தன்:
அதை விட்டுவைங்க தம்பி, அதுக்கு ரெண்டு ரெண்டரை மாசம் ஆகும். நாத்து நட்டாலும் ஓரளவு தாங்கும். ஆனா பீட்ரூட் விதைன்னு நாம போடுறது பல விதை ஒட்டின ஒரு கொத்து. ஒரே இடத்துல மூணு நாலு முளைச்சிருக்கும் பாருங்க. தெம்பா இருக்கிற ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததை வெட்டுங்க.

செம்பருத்தி:
மறுபடி எப்போ விதைக்கலாம்ணா? சித்திரையில கேரட் போடலாமா?

கிழங்குப்பித்தன்:
சமவெளியில கேரட்டுக்கு ஐப்பசி, கார்த்திகைதான். சித்திரை வெயில்ல அதுக்குப் போராடாதீங்க. முள்ளங்கின்னா ‘பூசா சேத்கி’ ரகம் வாங்குங்க, சூட்டைத் தாங்கும்.

பச்சைக்கை:
டிஏபியை வாபஸ் வாங்கிக்கிறேன் 😄 தம்பி, எல்லாத்தையும் பிடுங்காம ஒரு செடியைப் பூக்க விடுங்க. முள்ளங்கிக் காய் பிஞ்சுல பறிச்சா சாம்பாருக்கு நல்லா இருக்கும்.