அஸூரில் (மைக்ரோசாஃப்ட் கிளவுட்) லாகின் ஆனதும் எந்த சப்ஸ்கிரிப்ஷனில் (ரிசோர்ஸ்களும் பில்லும் சேரும் கணக்கு) நிற்கிறோம்? உங்கள் அனுபவம் என்ன?

ராத்திரிஷிப்ட்
பழைய கதைதான், ஆனால் இன்னும் உறுத்துகிறது. டெஸ்ட் ரிசோர்ஸ் குரூப் (சர்வர், ஸ்டோரேஜ் எல்லாம் சேர்த்து வைக்கும் தொகுப்பு) ஒன்றை அழிக்க வேண்டும். பக்கத்து சீட் நண்பருக்குப் புது லேப்டாப், அஸூர் சிஎல்ஐ (கமாண்ட் அடித்து அஸூரை இயக்கும் டூல்) அன்றுதான் போட்டிருந்தார். லாகின் ஆனார், குரூப் டெலீட் அடித்தார். "நிச்சயமாகச் செய்யலாமா, ஒய் அல்லது என்" என்று கேட்டு நின்றது. எந்த சப்ஸ்கிரிப்ஷன் என்று அந்தக் கேள்வியில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அவர் விரல் ஒய் மேல் இருந்தது. "ஒரு நிமிஷம், இன்னொரு விண்டோவில் அகவுண்ட் ஷோ போட்டுப் பாருங்க" என்றேன். வந்தது, நிஜ வேலை ஓடும் புரொடக்‌ஷன். இரண்டு சப்ஸ்கிரிப்ஷனிலும் குரூப்புக்கு ஒரே பெயர்தான் வைத்திருந்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல் 'என்' அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கமாண்ட்காரன்
இப்போது இந்தப் பிரச்சினையே இல்லையே? 2.61 வெர்ஷனிலிருந்து லாகின் செய்ததும் சப்ஸ்கிரிப்ஷன் பட்டியல் வருகிறது, எண்ணை அடித்துத் தேர்ந்தெடுக்கலாம். இதை இன்னும் பேசிக்கொண்டிருப்பது கொஞ்சம் ஓவர்.

வெள்ளைத்திரை
கமாண்ட்காரன், பட்டியல் வரும், சரி. அதில் நட்சத்திரம் போட்ட வரி ஒன்று இருக்கும். சும்மா என்டர் தட்டினால் அதுவேதான் டீஃபால்ட். யார் படித்துப் பார்த்துத் தட்டுகிறார்கள்? பைப்லைனில் (தானாக ஓடும் வேலைகளில்) சர்வீஸ் பிரின்சிபல் (ஆளுக்குப் பதில் புரோகிராமுக்கான அடையாளம்) வழியாக லாகின் ஆனால் அந்தப் பட்டியலும் வராது.

என் கதை சின்னது. சிஎல்ஐயில் அகவுண்ட் செட் போட்டு டீஃபால்ட் சப்ஸ்கிரிப்ஷனை மாற்றி வைத்திருந்தோம். டீமில் ஒருவர் பவர்ஷெல்லை (இன்னொரு கமாண்ட் டூல்) திறந்து விர்ச்சுவல் மெஷின் ஏற்றினார். அது வேறு டீமின் பில்லில் போய் உட்கார்ந்தது. சிஎல்ஐ டீஃபால்ட் வேறு, பவர்ஷெல் கான்டெக்ஸ்ட் (அது நிற்கும் சப்ஸ்கிரிப்ஷன்) வேறு. ஒன்றில் மாற்றியது மற்றதற்குத் தெரியாது.

பவர்ஷெல் ஆட்கள் இதைச் செய்யுங்கள். அப்டேட் ஏஇசட் கான்ஃபிக் கமாண்டில் 'டீஃபால்ட் சப்ஸ்கிரிப்ஷன் ஃபார் லாகின்' என்ற பாராமீட்டர் இருக்கிறது. அதில் சப்ஸ்கிரிப்ஷன் ஐடியைக் கொடுத்தால், அடுத்த தடவை கனெக்ட் ஏஇசட் அகவுண்ட் போடும்போது நேராக அங்கே போய் நிற்கும். ஸ்கோப் சொல்லாவிட்டால் உங்கள் யூசருக்கே சேமிக்கும். இந்த செஷனுக்கு மட்டும் போதும் என்றால் ஸ்கோப்பை ப்ராசஸ் என்று கொடுங்கள். கனெக்ட் செய்யும்போதே வேறு சப்ஸ்கிரிப்ஷனைச் சொன்னால் சொன்னதுதான் செல்லும். வேண்டாம் என்றால் கிளியர் ஏஇசட் கான்ஃபிக். செட் ஏஇசட் கான்டெக்ஸ்ட்டை இதோடு குழப்பாதீர்கள், அது ஏற்கெனவே லாகின் ஆன பிறகு இடம் மாற்றுவதற்கு.

ராத்திரிஷிப்ட்
நன்றி, ஆனால் என் கதையில் பவர்ஷெல்லே இல்லை 🙂

இரண்டுவிண்டோ
டீஃபால்ட் வைப்பதே தப்பு என்பது என் கட்சி. ஒரு டெர்மினலில் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது, லூப் போட்டு ஸ்டோரேஜ் அகவுண்ட் உருவாக்கும் ஸ்கிரிப்ட். நடுவில் அதே மெஷினில் இன்னொரு டெர்மினலைத் திறந்து ஒருவர் அகவுண்ட் செட் அடித்தார். அந்த டீஃபால்ட் டெர்மினலுக்கு டெர்மினல் தனியாக இருப்பதில்லை, ஹோம் ஃபோல்டரில் உள்ள ப்ரொஃபைல் ஃபைலில் இருக்கிறது. பாதி ஒரு பக்கம், மீதி இன்னொரு பக்கம். எரர் ஒன்றுகூட வரவில்லை, எல்லாம் 'சக்சீடட்'. போர்ட்டலில் தேடித் தேடி அலுத்துப்போனோம்.

இப்போது ஸ்கிரிப்டில் ஒவ்வொரு கமாண்டுக்கும் சப்ஸ்கிரிப்ஷன் ஆர்கியுமென்ட் கட்டாயம். அஸூர் கான்ஃபிக் டிர் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை கிளையன்ட் வாரியாகத் தனி ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டால் விண்டோக்கள் ஒன்றையொன்று இடிக்காது.

கமாண்ட்காரன்
ஒவ்வொரு கமாண்டிலும் ஐடியை ஒட்டிக்கொண்டிருந்தால் கை வலிக்கும். வேரியபிளில் போட்டுவிடுங்கள். டெராஃபார்மிலும் (கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதும் டூல்) அதை அஸூரோடு இணைக்கும் அஸூர்ஆர்எம் ப்ரொவைடர் 4.0 வந்த பிறகு சப்ஸ்கிரிப்ஷன் ஐடியைச் சொல்லியே ஆக வேண்டும், அதற்கு முன் சிஎல்ஐ டீஃபால்ட்டை எடுத்துக்கொள்ளும். எனவே இரண்டுவிண்டோ சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். பாதிதான்.

புதுவரவு
பெயரைக் கொடுக்காதீர்கள், ஐடியைக் கொடுங்கள். இரண்டு கம்பெனி ஒன்றாகச் சேர்ந்தபோது எங்களிடம் ஒரே பெயரில் இரண்டு சப்ஸ்கிரிப்ஷன் வந்துவிட்டது. இரண்டுக்கும் பெயர் 'டெவ்'. அதில் ஒன்றில் ஓடியது நிஜ வாடிக்கையாளர் டேட்டா.