கைக்குழந்தைக்குப் பருத்தியில ஆர்ஜென்டினா சட்டை தைக்க ஆள் வேணும்

அண்ணாமார், அக்காமார், கல்லடி, மட்டக்களப்பு டவுன் பக்கம் கைக்குழந்தை உடுப்புத் தைக்கிற ஆக்கள் யாரும் தெரியுமா?

மகளுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆகல்ல. கூட்டாளிமார் ஆசையா ஒரு குட்டி ஆர்ஜென்டினா ஜேர்சி தந்தாங்க. ஆனா அது பொலியெஸ்டர். இந்த வெக்கைக்குப் போட்டா கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு போட்டிரும். வெள்ளையும் இளநீலமும் கோடு போட்ட மெல்லிய பருத்தித் துணியில, பக்கவாட்டில கட்டுற மாதிரி வேணும். மெஸ்ஸிட நம்பர் 10 ஐ நெஞ்சில சின்னதா நூலால போட்டாக் காணும். முதுகில வேணாம், மல்லாக்கப் படுக்கக்குள்ள புள்ளைக்கு உரசும்.

2022 கால்பந்து உலகக்கிண்ண இறுதிப்போட்டி 3-3 ஆகி, பெனால்டியில 4-2 என்டு வென்ட இரவு நானும் மனுசியும் கட்டிப்பிடிச்சு அழுதம். அந்தச் சந்தோசத்தில மகளுக்கும் ஒரு பங்கு வேணும்.

மாமா பிரேசில். அஞ்சு கிண்ணம் எடுத்த டீம் என்டு மஞ்சள் சட்டையும் கேக்கிறார். அதையும் தைப்பம். இரவில மனுசி கொஞ்சம் கண்ணயர, புள்ளயத் தோளில போட்டு நடக்கிறது அவர்தான்.

மற்றது, ரெண்டாம் மாச ஊசி வருது. அஞ்சு நோய்க்குச் சேர்த்துப் போடுறது. காய்ச்சல் வரலாம், பரசிற்றமோல் எடைக்கேத்த அளவுதான் குடுக்கணும் என்டு மிட்வைஃப் மிஸ்ஸி சொன்னா. ஆனாலும் எனக்கு அந்த இரவை நினைச்சாப் பயம். இப்பவே நித்திரையில அவள்ற நெஞ்சு ஏறி இறங்குதா என்டு எழும்பி எழும்பிப் பாக்கிறன். ஊசி போட்ட அன்டு இரவு நீங்க என்னென்ன செஞ்சீங்க? அப்பாமார் கட்டாயம் எழுதுங்க.

தையல்காரர நம்பரை இன்பொக்ஸில போடுங்க. துணி நானே எடுத்துத் தருவன்.