மோஸுக் நிறுவியும் ஆங்கிலமே வந்த இரவு

கணினியில் ஜப்பானிய மொழியைத் தட்டச்சு செய்த மூவர் சொன்ன அனுபவங்கள் இவை.

ஜப்பானிய மொழி வகுப்பில் கட்டுரையைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை கெடு. உபுண்டு லினக்ஸில் தமிழ் விசைப்பலகையை இரண்டே நிமிடத்தில் சேர்த்தவன் என்ற தைரியத்தில், இரவு 10 மணிக்குத்தான் உட்கார்ந்தேன். அமைப்புகளில் 'ஜாப்பனீஸ்' என்று இருந்ததைச் சேர்த்தேன். தட்டினால் ஆங்கில எழுத்துதான் வருகிறது. போதாததற்கு, ஷிஃப்டுடன் 2-ஐ அழுத்தினால் மேற்கோள் குறி! நான் சேர்த்தது வெறும் விசை அடுக்கு, எந்த விசைக்கு எந்தக் குறி என்ற பட்டியல்தான். ஒலியை எழுதும் ஹிரகானாவை, சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்தாக மாற்றித் தரும் வேலை அதற்குத் தெரியாது. தமிழில் தட்டியது அப்படியே எழுத்தாகிவிடும். ஜப்பானியத்திலோ ஒரே ஒலிக்குப் பல காஞ்சிகள், ஸ்பேஸ் விசையைத் தட்டித் தட்டி நாம்தான் பொறுக்க வேண்டும்.

சரி என்று, அந்த மாற்றத்தைச் செய்யும் ஐபஸ்-மோஸுக் என்ற உள்ளீட்டு மென்பொருளை நிறுவினேன். பட்டியலில் காணோம். வெளியேறி மறுபடி உள்நுழைந்ததும் வந்தது. தேர்ந்தெடுத்துத் தட்டினால், மறுபடியும் ஆங்கிலம். நீக்கினேன், நிறுவினேன், மறுபடி நீக்கினேன். நள்ளிரவு தாண்டிய பிறகுதான் கண்ணில் பட்டது: மோஸுக், தட்டியதை மாற்றாமல் அப்படியே விடும் நேரடி உள்ளீட்டு நிலையில் நின்றுகொண்டிருக்கிறது. மேல்பட்டைப் பட்டியலில் அதை ஹிரகானாவுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஜப்பானிய விசைப்பலகையில் இதற்கென்றே 'ஹன்காகு/ஜென்காகு' என்ற தனி விசை இருக்கிறது. நம்முடையதில் இல்லாததால், மோஸுக் அமைப்பில் வேறொரு விசைக்கு அந்த வேலையைக் கொடுத்துவிட்டேன்.

* * *

எனக்குத் தட்டச்சில் தொல்லையே இல்லை. ஐபஸ் போன்ற இன்னொரு உள்ளீட்டுக் கட்டமைப்பான ஃபைடிக்ஸ் 5, மோஸுக், அவற்றைப் பயன்படுத்தச் செயலிகளுக்குச் சொல்லும் சூழல் மாறிகள் எல்லாம் முதல் நாளே சரியாக அமைந்துவிட்டன. மாட்டியது எழுத்துருவில். 'நேர்' என்று பொருள்படும் காஞ்சியை ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்து, "இது சீனர்கள் எழுதும் வடிவம்" என்றார். எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யூனிகோடில் இரண்டு நாட்டு வடிவத்துக்கும் ஒரே குறியெண்; எந்த உருவத்தைக் காட்டுவது என்பது எழுத்துருவின் கையில். நோட்டோ சான்ஸ் சிஜேகே (சீன, ஜப்பானிய, கொரிய) எழுத்துருக் குடும்பத்தில் ஜப்பானிய வகைக்கு முன்னுரிமை கொடுத்த பிறகே சரியானது.

* * *

மென்பொருளைக் குறைசொல்ல முடியாத தவறு என்னுடையது. 'புகைபிடிக்காதீர்' என்பது கின்-என். 'கின்' என்பதன் கடைசியில் வரும் ஆங்கில n விசையை இருமுறை தட்ட வேண்டும். ஒருமுறை தட்டினால் அது அடுத்த உயிரெழுத்தோடு ஒட்டிக்கொண்டு 'கினென்' ஆகிவிடும். அதற்கு 'நினைவாக' என்று பொருள். முதலில் வந்த காஞ்சியையே நம்பி அச்சிட்டு, கூட்ட அறைக் கதவில் ஒட்டினேன். ஜப்பானிலிருந்து வந்த விருந்தினர் அதன் முன் சற்று நேரம் நின்றுவிட்டு, யாருடைய நினைவாக என்று மெல்லக் கேட்டார்.